உச்சி வெயிலில் ஒரு நிழல்

காயப்போட்ட போர்வையை எடுக்க மாடிக்குப் போனவள், கடைசி சோலார் பேனலின் மேல் நிழல் விழுந்திருப்பதைப் பார்த்தாள். முழங்காலைக் கட்டிக்கொண்டு, தலையைக் குனிந்து உட்கார்ந்திருக்கும் ஆளின் நிழல். அண்ணாந்து பார்த்தாள். மேலே வெறும் வானம். சுற்றிலும் மரமில்லை, கம்பமில்லை. பக்கத்து வீட்டுக் கூரையும் இதைவிடத் தாழ்வு. தூக்கம் கெட்ட கண் எதையெதையோ காட்டும் என்று நினைத்துக்கொண்டு, போர்வையைத் தோளில் போட்டு இறங்கிவிட்டாள்.

தூக்கம் கெட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. மாமனாரின் நுரையீரல் பழுதாகி, ஆக்சிஜன் மெஷினை நம்பித்தான் அவருடைய மூச்சு ஓடியது. கணவனுக்குக் கப்பலில் வேலை. கரண்ட் போகும்போதெல்லாம் அடித்துப் பிடித்து எழுந்து, குழாயைப் பிடுங்கி சிலிண்டரில் மாட்டுவது அவள்தான். அதற்காகத்தான் சோலார். விசாரித்தபோது, மாடி முழுக்கப் பேனல் போட்டுவிடலாம் என்றார் ஒருவர். பேட்டரியே தேவையில்லை என்றார் இன்னொருவர். கரண்ட் போனால் அதுவும் சேர்ந்து நின்றுவிடுமே என்று அவள் கேட்டதும் பேச்சை மாற்றினார். மூன்றாவதாக வந்தவர் மட்டும், “இந்த வீட்ல எது நிக்கவே கூடாதுக்கா?” என்று முதலில் கேட்டார். அவரிடமே வேலையைக் கொடுத்தாள்.

ஒரு பகல் முழுக்க மாடியில் நின்று வெயில் நகர்வதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: “நிழலே விழாத மாடிக்கா. ஒரு பேனல்ல நிழல் விழுந்தாக்கூட மொத்த வரிசையும் படுத்துடும். உங்களுக்கு அந்தக் கவலையே இல்ல.”

ஆனாலும், பேனல்களை மாட்டிய பிறகு பேட்டரி நிறையவில்லை. பொழுது சாய்ந்ததுமே இன்வெர்ட்டர் கூவ ஆரம்பித்தது. பழையபடி சிலிண்டர், பழையபடி ஓட்டம். அவள் மறுபடி மாடிக்குப் போனாள். நிழல் அதே இடத்தில் இருந்தது. தலை மட்டும் சற்று நிமிர்ந்திருந்தது.

கறையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டே ஈரத்துணியால் துடைத்தாள். சூடேறிய கண்ணாடியில் வெந்த தூசியின் வாடை மூக்கில் ஏற, கை மெல்ல நகர்ந்து நிழலுக்குள் போனது. அங்கே கண்ணாடி சில்லென்றிருந்தது, மார்கழி விடியலில் தொட்ட இரும்புக் கதவுபோல. துணியை அங்கேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

சோலார்க்காரர் வந்தார். வயர்களையெல்லாம் சோதித்துப் பார்த்தார்.

“எல்லாம் சரியாத்தான் இருக்கு. இந்தக் கடைசி பேனல் ஒண்ணுதான் ஒத்துழைக்க மாட்டேங்குது.”

“அந்த நிழல் உங்களுக்குத் தெரியுதா?”

“தெரியுதுக்கா.”

“எதோட நிழல்?”

அவர் பேனலுக்கு மேலே காற்றில் கையை நீட்டித் துழாவினார். சட்டென்று கை எதிலோ முட்டியதுபோல் நின்றது. வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். உள்ளங்கையைப் பேன்ட்டில் தேய்த்தார். விடாமல் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

“இதக் கழட்டிடலாம்க்கா. மிச்சத்த வச்சே உங்க மெஷின் ஓடும்.”

கழற்றினார். பேனலைக் குப்புறப் போட்டார். தேநீருக்குக்கூட நிற்கவில்லை.

மறுநாள் மதியத்துக்குள் பேட்டரி நிறைந்துவிட்டது. பிற்பகலில் கரண்ட் போனபோது மெஷின் இம்மியும் பிசகாமல் ஓடியது. மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்தில் பாயை விரித்தவள், அதன் சீரான உறுமலைக் கேட்டபடியே அடித்துப்போட்டதுபோல் தூங்கிப்போனாள்.

“அம்மாடி.” மாமனாரின் குரல் எங்கோ தூரத்தில் கேட்டது. “யாரும்மா வந்திருக்கிறது?”

“யாரும் இல்ல மாமா. தூங்குங்க.” அவள் கண்ணைத் திறக்கவில்லை.

“என் பக்கத்துலயே உக்காந்திருக்காரே. மாடியில இருந்த இடத்தக் கழட்டிட்டாங்களாம்.”

அந்தச் சொற்கள் தூக்கத்தைத் துளைத்து உள்ளே இறங்க நேரம் பிடித்தது. இறங்கியதும் கண் தானாகத் திறந்தது.

மேற்கு ஜன்னல் வழியே மாலை வெயில் சுவரெல்லாம் பரவியிருந்தது. சுவரில் கட்டிலின் நிழல். அதில் படுத்திருக்கும் மாமனாரின் நிழல். அவர் முகத்துக்கு முகம் வைத்துக் குனிந்தபடி, இன்னொன்று.

கட்டிலைப் பார்த்தாள். மாமனார் மட்டும்.

சுவரைப் பார்த்தாள். இரண்டு பேர்.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. குழாய் மூக்கில்தான் இருந்தது. ஆனால் மாமனாரின் மார்பு தாழ்ந்தபோது, சுவரில் அந்த நிழலின் மார்பு உயர்ந்தது. தாழ்ந்தது. உயர்ந்தது.

“மாமா...”

தாழ்ந்தது. இந்த முறை மாமனாரின் மார்பு மறுபடி உயரவில்லை.

ஜன்னல் திரையை இழுத்து மூட நினைத்தாள். எழ முடியவில்லை. மெஷின் மட்டும் உறுமியது.

சுவரில் அந்த நிழல் நிமிர்ந்தது. பக்கவாட்டில் கூர்மையாகத் தெரிந்த மூக்கு கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கியது. உதடு மறைந்தது. மோவாய் மறைந்தது.

இப்போது வெறும் கறுப்பு வட்டம்.

அவள் பக்கம் திரும்பியிருந்தது.