கதவை நோக்கி நடந்த பொம்மைகள்

அந்த இரண்டு மாடிக் கட்டடத்தில் ஒருவர்கூடக் குடியிருக்கவில்லை. ஆனால் நூற்றுப்பத்து வீடுகளின் சாமான்கள் குடியிருந்தன.

கட்டில், பீரோ, தொட்டில், மீன் இல்லாத மீன் தொட்டி, யாரும் வாசிக்காத பியானோ, ஒரு பல் டாக்டரின் பழைய நாற்காலி. வீட்டில் இடம் போதாதவர்கள் இங்கே மாத வாடகைக்கு ஓர் அறை எடுத்துக்கொள்வார்கள். வாசல் பலகையில் ‘செல்ஃப் ஸ்டோரேஜ்’ என்று பெரிதாகவும், அதன் கீழே ‘உங்கள் பொருள், உங்கள் பூட்டு, உங்கள் சாவி’ என்று சிறிதாகவும் எழுதியிருந்தது.

அங்கே மேலாளராக இருந்தவருக்குப் பதினொரு வயதில் ஒரு மகள். பள்ளி விட்டதும் நேராக அம்மாவின் அலுவலகத்துக்கு வந்துவிடுவாள். வீட்டுப்பாடம் முடிந்ததும் வருகிறவர்களிடம் பேச்சுக் கொடுப்பாள். எதையும் ‘தெரியுமா’ என்றுதான் தொடங்குவாள். அதனால் வாடிக்கையாளர்கள் அவளுக்குத் ‘தெரியுமா’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

“தெரியுமா, அமெரிக்காவுல இந்த மாதிரி அறைங்க அவ்வளவு இருக்கு. அந்த நாட்டு ஜனங்க மொத்தப் பேரும் ஒரே நேரத்துல உள்ள போய் நின்னாலும் இடம் போதும்.”

“அப்ப சாமானெல்லாம்?” என்று கேட்டார் பல் டாக்டர்.

தெரியுமா கொஞ்சம் யோசித்தாள். “அத வெளிய எடுத்து வச்சிடணும்.”

அலுவலகத்தில் இருந்த மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் மாடியிலிருந்து தையற்கார அம்மா இறங்கி வந்தார். அவர் சிரிக்கவில்லை.

“என் ரூமுக்குள்ள யாரோ போறாங்க” என்றார்.

“உக்காருங்கக்கா. என்ன ஆச்சு?” என்று தெரியுமாவின் அம்மா எழுந்தார்.

“உக்கார வரல. என் பொம்மைங்க ஒன்பதையும் பின் சுவர் ஓரமா நிறுத்திட்டுப் போறேன். அடுத்த தடவை வந்து பாத்தா எல்லாம் கதவுகிட்ட நிக்குது. இன்னிக்கு ஷட்டரத் தூக்கினதும் ஒண்ணு என் மேலயே சாஞ்சிடுச்சு. இது மூணாவது தடவை.”

பொம்மை என்றால் விளையாட்டுப் பொம்மை இல்லை. சட்டையைப் போட்டு அளவு பார்ப்பதற்கான ஆளுயரப் பொம்மை. கழுத்துக்கு மேல் ஒன்றும் இருக்காது. தள்ளிக்கொண்டு போக வசதியாக அடியில் சின்னச் சக்கரங்கள் இருக்கும்.

“ஏதாவது காணாமப் போச்சாக்கா?”

“போகல. ஆனா பூட்டு உடையாம ஒருத்தர் உள்ள போறாருன்னா, அவர்கிட்ட சாவி இருக்குன்னுதானே அர்த்தம்?”

“சாவி உங்ககிட்ட மட்டும்தான் இருக்கு.”

“அப்படித்தான் நானும் நெனச்சேன். இப்ப, உங்ககிட்ட இன்னொண்ணு இருக்குமோன்னு தோணுது. முதலாளிகிட்டயும் போன்ல சொல்லிட்டேன். சனிக்கிழமை பத்து மணிக்கு வர்றாராம்.”

பல் டாக்டர் கூரையைப் பார்த்தார். மற்ற இருவரும் அவரவர் செருப்பைப் பார்த்தார்கள். தையற்கார அம்மா வெளியே போனதும் அவர்களும் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்தார். “நாலு வருஷமா இங்க இருக்கேன். ஒருத்தர் பூட்டையும் தொட்டதில்ல.”

“எனக்குத் தெரியும்மா.”

“உனக்குத் தெரிஞ்சு என்ன பண்றது? மேலாளர்கிட்ட கள்ளச்சாவி இருக்குன்னு பேச்சு கிளம்பிட்டா யாரு இங்க சாமான் வைப்பாங்க? முதலாளி வேற ஆளத்தான் தேடுவாரு.”

தெரியுமா பள்ளிப் பையைக் கவிழ்த்தாள். கைவேலை வகுப்புக்கு வாங்கிய களிமண் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு ஓடினாள். தையற்கார அம்மா பேருந்து நிறுத்தத்தில் நின்றுகொண்டிருந்தார்.

“அத்தை, ஒரு நிமிஷம். உங்க ரூமுக்குள்ள யாராவது போறாங்களா இல்லையான்னு கண்டுபிடிச்சிடலாம்.”

“எப்படி? உங்க கேமரா வாசலத் தவிர வேற எதையும் பாக்கலையே.”

“கேமரா வேணாம். நூலும் களிமண்ணும் போதும். தெரியுமா, எகிப்துல, ஈராக்ல எல்லாம் நாலாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே கிடங்கு இருந்துச்சு. கதவைக் கயித்தால கட்டி, முடிச்சு மேல ஈரக் களிமண்ண அப்பி, அதுல முத்திரை குத்திடுவாங்க.”

“களிமண்ணு திருடனத் தடுக்குமா?”

“தடுக்காது. ஆனா அவன் வந்துட்டுப் போனான்னு காட்டிக் குடுத்துடும். உடைக்காம தொறக்க முடியாது. அதே முத்திரை இல்லாம திரும்ப ஒட்டவும் முடியாது. எகிப்துல ஒரு ராஜாவோட கல்லறைல அந்த மாதிரி முடிச்சு மூவாயிரம் வருஷத்துக்கு மேல அப்படியே இருந்துச்சாம்.”

“நமக்கு சனிக்கிழமை வரைக்கும் இருந்தா போதும்” என்றார் தையற்கார அம்மா. குரலில் கோபம் குறையவில்லை. ஆனால் வந்து நின்ற பேருந்தில் அவர் ஏறவில்லை.

இருவரும் மாடிக்குப் போனார்கள். அறுபத்து மூன்றாம் அறை. பொம்மைகளை மறுபடியும் பின் சுவர் ஓரமாக வரிசையாக நிறுத்தினார்கள். தெரியுமா கேட்டுக்கொண்டபடி, துணியில் கோடு போடும் சாக்குக் கட்டியால் ஒவ்வொரு பொம்மையின் காலைச் சுற்றியும் தையற்கார அம்மாவே ஒரு வட்டம் போட்டார். ஷட்டரை இறக்கிப் பூட்டினார். கைப்பிடிக்கும் தரையில் இருந்த வளையத்துக்கும் சேர்த்துத் தடித்த நூலால் முடிச்சுப் போட்டார்.

தெரியுமா களிமண்ணை முடிச்சின் மேல் அப்பினாள். பொட்டலத்தோடு வந்த நட்சத்திர அச்சைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே வைத்துவிட்டாள்.

“இது வேணாம் அத்தை. இது என்னோடது. நானே உடைச்சிட்டு நானே திரும்பக் குத்திடலாம்ல. உங்களோடது ஏதாவது குடுங்க. குத்திட்டு வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க.”

தையற்கார அம்மா அவளை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். பிறகு தன் பையில் துழாவி ஒரு பித்தளைப் பொத்தானை எடுத்தார். அதில் ஒரு குதிரை இருந்தது. வார்ப்பில் ஏதோ பிசகி அதற்கு மூன்று கால்தான்.

“இதுக்கு ஜோடி எங்க தேடினாலும் கிடைக்காது” என்று சொல்லிக் களிமண்ணில் அழுத்தினார்.

சனிக்கிழமை சரியாகப் பத்து மணிக்கு முதலாளி வந்தார். மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டே பேசுகிறவர் அவர். நான்கு பேரும் அறுபத்து மூன்றாம் அறைக்கு முன்னால் நின்றார்கள்.

களிமண் காய்ந்து இறுகியிருந்தது. தையற்கார அம்மா குனிந்து பொத்தானை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நூலை இழுத்துப் பார்த்தார். குண்டூசியால் ஓரத்தைச் சுரண்டியும் பார்த்தார். மூன்று கால் குதிரை அசையாமல் நின்றது.

“யாரும் தொடல” என்றார் மெதுவாக.

முடிச்சை வெட்டிப் பூட்டைத் திறந்து ஷட்டரைத் தூக்கினார்.

ஒன்பது பொம்மைகளும் அறையின் நடுவில், அணிவகுப்பில் நிற்பதுபோல் ஒரே வரிசையாக நின்றன. முதலாளி இரண்டடி பின்னால் போனார்.

“எனக்கு இன்னொரு இடத்துல வேலை இருக்கு” என்றார்.

“இருங்க சார்” என்று சொல்லிவிட்டுத் தெரியுமா உள்ளே போனாள். “அத்தை, அந்த டேப்பக் குடுங்க.”

தையற்கார அம்மா கழுத்தில் தொங்கிய அளவு நாடாவைக் கொடுத்தார். சாக்கு வட்டத்திலிருந்து ஒவ்வொரு பொம்மை வரைக்கும் தெரியுமா அளந்தாள். முப்பத்தோர் அங்குலம். முப்பது. முப்பத்தொன்று. மறுபடியும் முப்பது.

“எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவு நகந்திருக்கு, ஒரே பக்கமா. ஒருத்தர் உள்ள வந்து எதையாவது தேடினா, ஒன்பது பொம்மையையும் அளந்து அளந்தா தள்ளி வைப்பாரு?”

அடுத்து ஓர் உருண்டைப் பென்சிலைத் தரையில் வைத்துக் கையை எடுத்தாள். பென்சில் சோம்பலாக உருண்டு கதவருகே வந்து நின்றது.

“தரை சாய்வா இருக்கு” என்றார் அம்மா.

“ஆமாம்மா. ஆனா பொம்மை கனமா இருக்கு, தானா உருளாது. யாராவது தட்டிக் குடுக்கணும். உள்ள வந்து தட்டல. அப்ப வெளிய இருந்துதான் தட்டுறாங்க. புதன் சாயங்காலம் முத்திரை வச்சோம். அப்புறம் வியாழன், வெள்ளி ரெண்டு நாளும் இந்த மாடிக்கு யார் யாரு வந்தாங்க?”

அம்மா கீழே போய் வருகைப் பதிவேட்டை எடுத்து வந்தார். இரண்டு நாளும் வந்தவர் ஒரே ஒருவர். அறுபத்து நான்காம் அறை, பேக்கரிக்காரர். பத்தரை மணி முதல் பதினொன்று வரை.

“அவரு பழைய கேக் தட்டுங்க வச்சிருக்காரு” என்றார் அம்மா.

“கேக் தட்டைப் பாக்க தினமும் அரை மணி நேரமா?” என்றார் தையற்கார அம்மா.

பத்தரைக்கு இன்னும் பத்து நிமிடம் இருந்தது. சும்மா நிற்பது முதலாளிக்குப் பிடிக்கவில்லை.

“என் கட்டடத்துல குறை சொல்ல முடியாது. மாடித் தரைகூட இரும்புத் தகடு. ஒண்ணும் ஆகாது.”

“தெரியுமா சார், நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி லண்டன்ல ஒரு பெரிய கிடங்கு இருந்துச்சு. தீயே பிடிக்காதுன்னு சொல்லித்தான் கட்டினாங்க. பணக்காரங்க எல்லாம் மேசை நாற்காலி, படம்னு அங்கதான் கொண்டு போய் வச்சாங்க.”

“ம். அப்புறம்?”

“தீப்பிடிச்சு எரிஞ்சுபோச்சு.”

முதலாளி சுவரில் தொங்கிய தீயணைப்புக் குடுவையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

படியில் காலடிச் சத்தம் கேட்டது. நால்வரும் அறுபத்து மூன்றாம் அறைக்குள் போய் ஷட்டரைப் பாதி இறக்கினார்கள். பக்கத்து ஷட்டர் ஏறி இறங்கியது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு தரை அதிர்ந்தது.

தம். தம். தம்.

ஒவ்வொரு தம்முக்கும் ஒன்பது பொம்மைகளும் கொஞ்சம் துள்ளி, கொஞ்சம் முன்னால் வந்தன. மறுபடி துள்ளின, மறுபடி வந்தன. தலை இல்லாத ஒன்பது பேர் தன்னை நோக்கி நடந்து வருவதைக் கண்ட முதலாளி மணி பார்ப்பதை மறந்துவிட்டார்.

தையற்கார அம்மா விடுவிடுவென்று வெளியே போய்ப் பக்கத்து ஷட்டரில் கை வைத்தார். தெரியுமா அவர் கையைப் பிடித்தாள்.

“அது அவரோட ரூம் அத்தை. தட்டிட்டுக் கேப்போம்.”

தட்டினாள். தம் சத்தம் நின்றது. ஷட்டர் மெல்ல உயர்ந்தது. வேர்த்து விறுவிறுத்து, கையில் குதிக்கும் கயிற்றோடு பேக்கரிக்காரர் நின்றார். பெரிய உருவம். மொத்தப் பேரையும் பார்த்ததும் கயிற்றை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“என்ன மாமா, தினமும் குதிக்கிறீங்களா?” என்று கேட்டாள் தெரியுமா.

“டாக்டர் தினமும் குதின்னாரு. கீழ் வீட்டுக்காரர் குதிக்காதேன்னாரு. அவர் வீட்டு விளக்கெல்லாம் ஆடுதாம். ரோட்டுல குதிச்சா ஸ்கூல் பசங்க கூட நின்னு எண்ணுறாங்க. நான் எங்கதான் போறது?”

தையற்கார அம்மா முகத்தை இறுக்கமாக வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. சிரித்துவிட்டார்.

முதலாளி சிரிக்கவில்லை. “இங்க சாமான்தான் வைக்கலாம். குதிக்க எல்லாம் அனுமதி இல்ல. கயித்த எடுத்துட்டுக் கிளம்புங்க.”

பேக்கரிக்காரர் தலையைக் குனிந்து கயிற்றைச் சுருட்டத் தொடங்கினார்.

“சார், தெரியுமா, இந்த மாதிரி இடத்த ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரு, தன்னோட மீன்பிடி படகு வைக்க இடமில்லாமத்தான் யோசிச்சாராம். வீட்டுல எது அடங்கலையோ அதுக்குத்தானே இது? இவருக்குக் குதிக்கிறது அடங்கல. கீழ பின்பக்கத்துல ஒன்பதாம் நம்பர் காலியா இருக்கு. சிமெண்ட் தரை, அடியில மண்ணு. அங்க எவ்வளவு குதிச்சாலும் எதுவும் நகராது.”

“கயிறும் ஒரு சாமான்தானே?” என்றார் தையற்கார அம்மா.

முதலாளி கடைசியாக மணி பார்த்தார். “சரி, கயிறு ஒன்பதாம் நம்பர்ல இருக்கட்டும். கயித்தப் பாக்க அவரும் வரட்டும்.” பிறகு அம்மாவின் பக்கம் திரும்பினார். “உங்க மேல ஒரு தப்பும் இல்ல. நான் வர்றேன்.”

அவர் படியிறங்கிப் போய்விட்டார். தையற்கார அம்மா அளவு நாடாவைச் சுற்றிக்கொண்டே நின்றார்.

“மேடம், என்னை மன்னிச்சிடுங்க. அவசரப்பட்டுப் பேசிட்டேன்.”

“பரவால்லக்கா” என்றார் அம்மா.

“பரவாயில்லன்னு சொல்லாதம்மா” என்றாள் தெரியுமா. “அத்தை, அன்னிக்கு ஆபீஸ்ல எல்லார் முன்னாடியும் சொன்னீங்க. இங்க யாரும் இல்லையே.”

“ஏய், சும்மா இரு” என்றார் அம்மா.

“அவ சொல்றது சரிதான்” என்று தையற்கார அம்மா கீழே இறங்கினார். அலுவலகத்தில் பல் டாக்டர் இருந்தார். அவரோடு, ஒட்டும் டேப் வாங்க வந்த முன்பின் தெரியாத ஒருவரும் இருந்தார். தையற்கார அம்மா மேசைக்கு முன்னால் நின்று, அன்றைக்குப் பேசிய அதே குரலில் சொன்னார்.

“இவங்ககிட்ட என் ரூம் சாவி இருக்குன்னு சொன்னேன். இல்ல. என் ரூமுக்குள்ள யாருமே போகல. நான் சொன்னது தப்பு.”

பல் டாக்டர் முகம் மலரத் தலையாட்டினார்.

“எனக்கு ரெண்டு டேப் போதும்மா” என்றார் மற்றவர், ஒன்றும் புரியாமல்.

அம்மா டேப்பை எடுத்துக் கொடுத்தார். மூன்று நாளாகக் காணாமல் போயிருந்த சிரிப்பு அவர் முகத்தில் வந்திருந்தது. டேப் வாங்கியவர் போனதும் தையற்கார அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“அடுத்த வாரம் இன்னும் நாலு பொம்மை வருது. பேக்கரிக்காரர் தட்டையும் கீழ கொண்டு போயிட்டா அறுபத்து நாலு காலிதானே? அதையும் எனக்கே குடுத்துடுங்க.”

“தரை சாய்வு பரவால்லையாக்கா?”

“சக்கரத்துக்கு அடியில துணிய மடிச்சு வச்சுக்கறேன். இதவிட நம்பி வைக்கிற இடம் எனக்கு எங்க கிடைக்கும்?”

அம்மா பதிவேட்டைத் திறந்து, அறுபத்து நான்குக்கு எதிரே தையற்கார அம்மாவின் பெயரை நிறுத்தி நிதானமாக எழுதினார்.