தூங்கும் ஊரில் கொதித்த தரவகம்

செவ்வாய்க் கிரகத்தில் உள்ள புதுப்பாக்கத்தில் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்குச் சங்கு ஊதும். உடனே எல்லாரும் அவரவர் படுக்கையில் படுத்து, காதுக்குப் பின்னால் பதித்திருக்கும் துயில்விசையைத் தட்டிக்கொள்வார்கள். அடுத்த சங்கு சனிக்கிழமை காலையில்தான். முந்நூறு பேரும் வாரத்துக்கு ஒரு நாள் மூச்சைக் குறைத்துக்கொண்டால் அவ்வளவு காற்று மிச்சம் என்று யாரோ கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆரம்பத்தில் முணுமுணுத்தவர்கள்கூட இப்போது துயில்நாளை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. அன்று வேலை இல்லை, விருந்தாளி இல்லை, வீட்டில் சண்டைக்கும் வழி இல்லை.

விழித்திருக்க அனுமதி பெற்றவர்கள் இருவர்தான். ஒருவர் நிர்வாகி ஜெசிந்தா. மற்றவன் தரவகப் பொறியாளன் ஆராவமுதன்.

தரவகம் என்றால் பெரிய மர்மம் ஒன்றுமில்லை, ஊருக்குப் பொதுவான சர்வர். யாருக்கு என்ன ரத்தம், எந்தத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர், யார் யாருக்கிடையே பேச்சுவார்த்தை இல்லை என்பது வரை சகல தரவுகளும் அதற்குள் இருக்கும். கேட்டால் தேடி எடுத்துச் சொல்லும். கேட்காவிட்டால் சும்மா இருக்க வேண்டும். ஊரே உறங்கும் நாளில் கேட்பதற்கு யார் இருக்கிறார்கள்? ஆனால் கொஞ்ச நாளாக, துயில்நாள் வந்தால் போதும், அதன் பிராசசர் தொண்ணூற்றேழு சதவீதத்துக்கு ஏறி அங்கேயே நின்றது.

பூமியில் இருக்கும் தலைமையகம் இதைக் கவனித்துவிட்டது. சும்மா இருக்கும்போதே இவ்வளவு மின்சாரம் தின்னும் இயந்திரத்தையும், காரணம் தெரியாமல் அதைப் பார்த்துக்கொண்டிருக்கும் பொறியாளனையும் ஒன்றாகத் திருப்பி அனுப்பச் சொல்லி உத்தரவு வந்தது. ஞாயிற்றுக்கிழமை கப்பல்.

ஆராவமுதனின் மகள் குறிஞ்சி செவ்வாயில் பிறந்தவள். இங்கே பிறந்த பிள்ளைகளின் எலும்பு பூமியின் எடையைத் தாங்காது. அவன் போனால் தனியாகத்தான் போக வேண்டும். இரண்டு வயதுப் பிள்ளை அப்பாவைத் திரையில் மட்டும் பார்த்து வளர்வதை அவனால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

"ஏதாச்சும் கண்டுபிடிச்சீங்களா?" என்று கேட்டபடி ஜெசிந்தா வந்தார். அவருக்கும் அவனை அனுப்ப மனமில்லை.

"வைரஸ் இல்ல மேடம். பேக்கப் ஓடல. இன்னைக்கு எத்தனை கேள்வி வந்திருக்குன்னு பார்த்தா, ஒண்ணுகூட இல்லங்குது."

"அப்ப அது தானா உக்காந்து யோசிக்குதோ?"

"யோசிச்சா நல்லா இருக்குமே, எதுக்குச் சூடாகுதுன்னு அதையே கேட்டுடலாம்."

அவர் போன பிறகுதான் அவனுக்கு உறைத்தது. அந்த எண்ணிக்கையில் வருவது பதில் சொல்லி முடித்த கேள்விகள் மட்டும். முடியாமல் ஓடிக்கொண்டே இருக்கும் கேள்வி அதில் சேராது. ஓடிக்கொண்டிருப்பவற்றைத் திரையில் வரவழைத்தான். ஒன்றே ஒன்று இருந்தது. உணவுக்கூடத்திலிருந்து காலையில் வந்த கேள்வி: 'முந்நூறு பேரையும், பேச்சுவார்த்தை இல்லாதவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வராமல், எத்தனை விதமாகப் பந்தியில் உட்கார வைக்கலாம்?'

சூரியன் அணையும் வரை ஓடினாலும் இதற்கு விடை வராது.

அதே நேரம் தரவகத்தின் பின்புறம் ஏதோ உருண்டது. எட்டிப் பார்த்தான். சூடான காற்று வெளியேறும் இடத்தில், கம்பளி போர்த்திய பெரிய அண்டா ஒன்றை அணைத்தபடி சமையலி நின்றுகொண்டிருந்தது. சமையலி, உணவுக்கூடத்து ரோபோ. அதற்குச் சமையலும் பேச்சும் பழக்கியவர் மேலூர்க்காரர்.

"நீயா அந்தக் கேள்வியைக் கேட்ட?"

"நாந்தேண்ணே."

"பதில் எதுக்கு உனக்கு?"

"பதிலு யாருக்குண்ணே வேணும்? சூடுதேன் வேணும். நிர்வாகியம்மா துயில்நாளுல ஹீட்டரைக் கொறைக்கச் சொல்லிட்டாக. அடுக்களை ஐஸாக் கெடக்கு. இட்லி மாவு எப்படிண்ணே பொங்கும்? இந்தப் பெட்டியை யோசிக்க விட்டா வெதுவெதுன்னு இருக்கு."

ஆராவமுதன் சிரித்துவிட்டான். அடுத்த நொடியே கப்பல் ஞாபகம் வந்தது.

"நான் நிறுத்தறேன். ஒரு வாரம் மாவு பொங்கலைன்னா என்ன? யார் கேக்கப் போறா?"

"கேப்பாகண்ணே."

"பார்த்துக்கலாம்" என்று கேள்வியை நிறுத்தினான். தொண்ணூற்றேழு, மளமளவென்று இறங்கி இரண்டில் வந்து நின்றது. ஜெசிந்தா அப்போதே தலைமையகத்துக்குச் செய்தி அனுப்பினார். சிறிது நேரத்தில் பதில் வந்தது: பயணம் ரத்து. ஆராவமுதன் தூங்கிக்கொண்டிருந்த மகளின் நெற்றியில் முத்தம் கொடுத்துவிட்டு வந்து, வெகுநாளைக்குப் பிறகு நிம்மதியாகக் காலை நீட்டினான்.

சனிக்கிழமை சங்கு ஊதியது. ஊர் எழுந்து, பல் துலக்கி, தட்டின் முன் உட்கார்ந்தது. இட்லி தட்டையாக, தரையில் போட்டால் சத்தம் வரும் பதத்தில் இருந்தது.

புதுப்பாக்கத்தில் புகார் கொடுக்க எழுத வேண்டியதில்லை. மனத்தில் நினைத்துக் கண்ணை மூடித் திறந்தால் தரவகத்தில் பதிந்துவிடும். அடுத்தவர் புகாருக்கு ஒத்துப்போவது அதைவிடச் சுலபம், ஓர் 'ஆமாம்' போட்டால் போதும். போன மாதம் வடக்குச் சுவரில் காற்று கசிந்தபோது வந்த புகார்கள் மூன்று. அதில் ஒன்று, அபாயச் சங்கு சத்தமாக ஊதுகிறது என்பது. இன்று அப்படி இல்லை. தரவகம் நூறு சதவீதத்தைத் தொட்டு, திணறி, நின்றே போனது.

அதை ஒருவழியாக ஆராவமுதன் எழுப்பி உட்கார வைத்தபோது ஜெசிந்தா வந்தார். முகம் சரியில்லை.

"எல்லாம் ஒரே புகார்தான் சார். ஒருத்தங்க போட்டிருக்காங்க, மத்தவங்க அதுக்குக் கீழ ஆமாம் போட்டிருக்காங்க. பாதிப் பேருக்கு மேல ஆமாம் போட்டா நான் நிறைவேத்தியே ஆகணும், சட்டம் உங்களுக்கே தெரியும்."

"என்ன போட்டிருக்காங்க?"

ஜெசிந்தா படித்தார். "'இந்த மாவைக் கெடுத்தவர் யாராக இருந்தாலும், நாளைக்குப் போகும் கப்பலில் ஏற்றிப் பூமிக்கு அனுப்பவும்.'"

"யாரு மேடம் போட்டது?"

"உங்க வீட்டம்மாதான். செண்பகா."

"ஐயோ, அவளுக்குத் தெரியாது மேடம்! நான்தான்னு தெரியாம போட்டிருப்பா. நான் போய்ச் சொல்றேன், வாபஸ் வாங்கிடுவா."

"ஆமாம் விழுந்த புகாரை வாபஸ் வாங்க முடியாதே. அவங்க போட்ட மறு நொடியே ஒருத்தர் ஆமாம் போட்டுட்டார்."

"எவன் அவன்?"

ஜெசிந்தா திரையை அவன் பக்கம் திருப்பினார். அவன் பெயர்தான் இருந்தது. செண்பகா எதை அனுப்பினாலும் படிக்காமல் ஆமாம் போட்டுவிடுவது கல்யாணமான நாளிலிருந்து ஆராவமுதனின் வழக்கம்.