ஆறு மணி நேரத் தூக்கம்

கண் விழித்ததும் ஃபிட்டர் வழக்கம்போல மூச்சு மெஷினின் சின்னத் திரையைப் பார்த்தார். கடைசி ஒரு நாளில் ஓடியது பதினான்கு மணி நேரம் என்று இருந்தது. மாஸ்க் கசிவில்லாமல் பொருந்தியிருந்ததாம். அதற்கு அடையாளமாகப் பக்கத்தில் ஒரு பச்சைச் சிரிப்பு முகம்.

அவர் படுத்ததே காலை எட்டு மணிக்கு. இப்போது பகல் மணி இரண்டு.

மலையைக் குடைந்து சாலை போடும் முகாம் அது. சுரங்கத்துக்குள் காற்றை அனுப்பும் ராட்சத விசிறிகளைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. இரவெல்லாம் விசிறிக் கொட்டகை, பகலில் தூக்கம். தகரப் பெட்டி மாதிரி ஓர் அறை, இரண்டு கட்டில், நடுவே ஸ்டூலில் மெஷின், ஜன்னலில் கறுப்புத் துணி. கூடத் தங்கியிருந்த கிரேன் டிரைவர் உயரம் ஒத்துக்கொள்ளாமல் மூன்றாம் நாளே கீழே இறங்கிவிட்டார். ஃபிட்டருக்கோ தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் வியாதி. மூக்கில் மாஸ்க்கை மாட்டி, குழாய் வழியே மெஷின் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தால்தான் தொண்டை அடைக்காது. “உங்க குறட்டைக்குப் பக்கத்து வீட்டுக்காரங்க வீடே மாத்திட்டாங்க. நான் எங்க போறது?” என்று மனைவிதான் வாங்க வைத்தாள்.

மெஷினைத் தூக்கிக்கொண்டு முகாம் கம்பவுண்டரிடம் போனார்.

“இந்த உயரத்துல மனுஷனுக்கே புத்தி தடுமாறுது. மெஷின் என்ன பண்ணும்?” என்று சிரித்துக்கொண்டே கம்பவுண்டர் பொத்தான்களை அழுத்தினார். கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நின்றது. “அண்ணே, மூச்சுக் கணக்கும் இருக்கே. பகல்ல நிமிஷத்துக்கு இருபது. அது நீங்க. ராத்திரி பத்து மணியிலேர்ந்து வெறும் அஞ்சு. அப்ப யாரு மாட்டியிருந்தா?”

“நான் கொட்டகையில இருந்தேன். ரூம் சாவி என் பையில.”

கம்பவுண்டர் மெஷினை மெதுவாக அவர் பக்கமே நகர்த்தினார். “இது இல்லாம மட்டும் தூங்கிராதீங்க. இங்க காத்தே பாதிதான். கீழ போயிரலாம்னா பனி விழுந்து ரோடு அடைச்சுக் கிடக்கு. ரெண்டு நாள் பல்லைக் கடிச்சுக்கிட்டு இருங்க.”

அன்று வேலைக்குப் போகுமுன் ஃபிட்டர் மாஸ்க்கைத் துடைத்தார். பிளக்கைப் பிடுங்கி, குழாயைச் சுருட்டி, எல்லாவற்றையும் பையில் போட்டு ஜிப்பை இழுத்து, இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். அறையையும் பூட்டினார். பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்தார்.

காலையில் பூட்டுகள் பூட்டியபடியே இருந்தன. ஜிப்பும் மூடியே இருந்தது. மாஸ்க்கை வெளியே எடுத்தபோது உள்ளங்கையில் வெதுவெதுப்பு. உட்புறம் முழுக்க ஈரம், சற்று முன்தான் யாரோ முகத்திலிருந்து கழற்றிய மாதிரி. சுரங்கத்தின் உள்முனையில் பாறை உடைபடும்போது கிளம்புமே, வெயிலே படாத கல்லின் நெடி, அது அந்த ரப்பரிலிருந்து வந்தது. தலையைச் சுற்றும் பட்டை, அவர் எப்போதும் ஒட்டும் இடத்தில் இல்லை. கடைசி முனைவரை தளர்த்தப்பட்டிருந்தது. இன்னும் பெரிய தலைக்கு.

அன்று பகல் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தார். கண் செருகும்போதெல்லாம் தொண்டை அடைத்தது. கிணற்றிலிருந்து ஏறி வருபவர்போல விக்கி விழித்தார். மறுநாள் காலை கொட்டகையிலிருந்து திரும்பியபோது கால்கள் தள்ளாடின. இனி தூங்காமல் முடியாது. மாஸ்க்கை வெந்நீரில் மூன்று தடவை கழுவினார். நாற்காலியைக் கதவுக்கு முட்டுக்கொடுத்துவிட்டு மனைவிக்குப் போன் செய்தார்.

“நான் தூங்குறப்ப லைன்லயே இருக்கியா?”

“இதென்ன புதுப் பழக்கம், கல்யாணமான புதுசுலகூட இப்படிக் கேட்டதில்ல” என்றாள். “இரேன்” என்றார் மறுபடியும். “என்னங்க ஆச்சு? சரி, சரி. போனைத் தலைமாட்டுல வைங்க. காய் நறுக்கிக்கிட்டே கேட்டுக்கிட்டு இருக்கேன். மூச்சு நின்னா கத்தி எழுப்புறேன்.”

பட்டையை இறுக்கிக்கொண்டு படுத்தார். காற்று மூக்கில் புகுந்து மெல்லத் தள்ளியது. வெளியே மலைக்காற்று தகரத்தில் பனித்துகளை உரசிக்கொண்டிருந்தது. தலைமாட்டில், எங்கோ தொலைவில், பலகைமேல் கத்தி விழும் சத்தம். டக். டக். டக். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே தூக்கத்துக்குள் இறங்கினார்.

விழித்தபோது ஜன்னல் துணிக்கு இந்தப் பக்கம் கும்மிருட்டு.

மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. உஸ்ஸென்று நீளமாக ஓர் இழுப்பு. நெடுநேரம் கழித்து, ஒரு விடுப்பு.

முகத்தில் குளிர்ந்தது. கையை உயர்த்தித் தடவினார். மூக்கு. உதடு. தாடை. மாஸ்க் இல்லை.

போனில் மனைவியின் குரல், தாலாட்டுப்போலத் தணிந்து கேட்டது. “அப்படித்தான். நல்லா இழுத்து விடுறீங்க. மூணு மணி நேரமா ஒரு தடவைகூட நிக்கல.”

அவளைக் கூப்பிட வாயைத் திறந்தார். குரல் வரவில்லை. குரலுக்குக் காற்று வேண்டும். நெஞ்சில் கை வைத்தார். நெஞ்சு எழவில்லை. இழுத்தார். எதுவும் உள்ளே வரவில்லை. விழித்ததிலிருந்து ஒரு மூச்சுகூட விடவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

தலையை மட்டும் திருப்ப முடிந்தது.

மெஷின் திரையின் பச்சை வெளிச்சம். ஸ்டூலிலிருந்து குழாய் அந்தப் பக்கம் போயிருந்தது. காலிக் கட்டிலுக்கு. விறைப்பாக.

தலையணை நடுவில் ஆழமாகக் குழிந்திருந்தது. அதற்கு ஒரு சாண் மேலே, எதுவும் தாங்காமல், மாஸ்க் நின்றது. பட்டைகள் எதையோ சுற்றி வளைந்து இறுகியிருந்தன. கண்ணாடி போன்ற அதன் உட்புறத்தில் ஆவி படர்ந்தது. மறைந்தது.

“தூங்குங்க” என்றாள் மனைவி. “நான் வச்சிடட்டுமா?”

ஆவி படர்ந்தது.

பிறகு மாஸ்க், மெதுவாக, அவர் பக்கம் திரும்பியது.