சனிக்கிழமை தட்டுபவள்

ஓக்லஹோமாவில் கோதுமை வயலை ஒட்டிய அந்த வீட்டுக்கு நானும் என் எட்டு வயது மகள் டெஸ்ஸாவும் பிப்ரவரியில் குடிவந்தோம். முதல் சனிக்கிழமை, கொல்லையில் புயலுக்கு ஒதுங்கும் நிலவறைக்குள் தண்ணீர் கேன்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். ஈர மண்ணும் துருவும் கலந்த வாடை. பன்னிரண்டு மணிக்கு ஊரின் சுழற்காற்று எச்சரிக்கைச் சைரன் ஊளையிட்டது. எங்கள் பக்கம் சனிக்கிழமை நண்பகல் சைரன் என்றால் வெறும் சோதனை, நாய்கூடத் தலைதூக்காது.

தலைக்கு மேல் இரும்புக் கதவில் மூன்று தட்டு.

திறந்தேன். வெயில்தான் இருந்தது.

வேலிக்கு அப்பால் பக்கத்து வீட்டுக் கிழவர் ஆர்வில் கரி அடுப்பில் பன்றிக்கறி புரட்டிக்கொண்டிருந்தார்.

"தட்டுச்சா?" என்றார், நிமிராமலே.

"ஆமா. யாரு அது?"

"ஓப்பல். எதுத்த வீட்டுக்காரி. ஒம்பது வருசம் முன்ன, இதே மாதிரி ஒரு சனிக்கிழமை, இதே நேரம். சைரன் டெஸ்டுதானேன்னு துணி காயப்போட்டுட்டு இருந்தா. சுழல்காத்து கண்ணுல பட்டப்புறம் ஓடியாந்து தட்டுனா. அப்ப இது எங்க அக்கா வீடு. உள்ள இருந்தது நான்." இடுக்கியால் ஒரு துண்டைத் திருப்பிப் போட்டார். "தொறக்கல."

புயலில் தட்டுகிறவருக்குத் திறக்க வேண்டும். எங்கள் ஊரில் அதைக் குழந்தைகூடச் சொல்லும்.

"இனிமே தொறக்காத தம்பி," என்றார். "உள்ள விட்டா காப்பி கேப்பா."

அதன்பின் வாராவாரம் தட்டு விழுந்தது. கொல்லையில் விளையாடும் டெஸ்ஸா, "வந்துட்டாங்க" என்பாள். அவ்வளவுதான்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, வானம் ஊறிய வெள்ளரிக்காய் நிறத்துக்கு மாறியது. வானம் கெட்டிருந்தால் சோதனை வைப்பதில்லை. ஆனாலும் சைரன் அலறியது.

"ஆர்வில், இது நெசம். வாங்க," என்று கரி அடுப்பருகே நின்றவரை வேலிக்கு மேலாகக் கூப்பிட்டேன்.

"எங்க வீட்டுக் குளியல் தொட்டிக்குள்ள படுத்துக்கிறேன், அது போதும். அந்தக் குழிக்குள்ள மறுபடி நான் எறங்க மாட்டேன். புள்ளைய எறக்கு."

இறங்கித் தாழ் போட்டேன். காது அடைத்தது. தரை அதிர்ந்தது. டெஸ்ஸா என் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

மூன்று தட்டு.

"ஓப்பல்," என்றாள் மெல்ல.

மறுபடி தட்டு. வேகமாக. நிற்காமல்.

"அப்பா, தொறக்கணும்ல?"

"சனிக்கிழமை தட்டுனா தொறக்கக் கூடாதும்மா."

இரும்பில் இரும்பு மோதியது. பிறகு ஒன்றுமில்லை.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். நான் அரளவேயில்லை. பழகிப்போயிருந்தேன். அந்தப் பழக்கம்தான் தாழின் மேல் கை வைத்தும் இழுக்காமல் என்னை உட்கார வைத்தது.

வெளியே வந்தபோது ஆர்வில் வீடு இல்லை. தொட்டி மரத்தில் கிடந்தது. எங்கள் நிலவறைக் கதவின் கைப்பிடியில், நெம்பிப் பார்த்த வாக்கில், கறி புரட்டும் இடுக்கி வளைந்து மாட்டியிருந்தது.

அவர் உடலைக் கோதுமை வயலில் கண்டெடுத்தார்கள்.

இடுக்கியை எறிய மனம் வரவில்லை. நிலவறைச் சுவரில் ஆணியடித்து மாட்டினேன்.

அடுத்த சனிக்கிழமை வானம் துடைத்தாற்போல் இருந்தது. நாங்கள் உள்ளே காத்திருந்தோம். சைரன் ஊளையிட்டதும் மூன்று தட்டு விழுந்தது. அதன் பின்னால், இரும்பில் இரும்பு.

தாழை இழுத்து, கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டேன்.

"மன்னிச்சிருங்க. உள்ள வாங்க, ரெண்டு பேரும்."

வெயில் மட்டும் இறங்கியது. டெஸ்ஸா பெஞ்சில் ஒதுங்கி இடம் விட்டாள். சைரன் ஓயும்வரை கதவைப் பிடித்துக்கொண்டே நின்றேன்.

ஏறுமுன் ஆணியிலிருந்த இடுக்கியைத் தொட்டேன்.

சுட்டது.