வட்டத்துக்குள் பூமி

காலை மணி அடித்ததும் ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் சன்னலுக்கு எதிரே வரிசையில் நிற்பார்கள். தரையில் ஒட்டிய இரண்டு பாதக்குறிகளின் மேல் ஒவ்வொருவராக ஏறி நிற்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால், கண்ணாடியில் நான் வரைந்த சிவப்பு வட்டத்துக்குள் பூமி தெரியும். அதன் அன்றைய வடிவத்தைச் சொல்லிவிட்டு அடுத்தவருக்கு வழிவிட வேண்டும்.

"பாதிக்கு மேல, மிஸ்."

"முக்கால்னு சொல்லுடா. பாதிக்கு மேலன்னா என்ன, இட்லி மாவா?"

பூமி தேயும், வளரும். இடத்தைவிட்டுப் போகாது. மாதத்தில் சற்றே ஆடினாலும் வட்டத்தைத் தாண்டாது. நிலவில் பிறந்த எனக்கு இப்போது நாற்பத்தொரு வயது. அத்தனை ஆண்டுகளும் அது அங்கேயேதான் இருக்கிறது.

பிள்ளைகள் நடந்தால் தொம் தொம்மென்று சத்தம் கேட்கும். எல்லாருக்கும் ஈயத்தகடு வைத்துத் தைத்த எடைச்சட்டை. என்றாவது பூமிக்குப் போக வேண்டுமென்றால் எலும்பு அதற்குப் பழகியிருக்க வேண்டும். பதின்மூன்று வயது முடிவதற்குள் போய்விடவும் வேண்டும். பிறகு அந்த எடையை இதயம் தாங்காது. எங்கள் பள்ளிக்கு இறங்குகலத்தில் ஆண்டுக்கு ஓர் இருக்கைதான். அது யாருக்கு என்பதை நான் நடத்தும் புவியறிவுத் தேர்வு முடிவு செய்யும். மற்றவர்கள் பதின்மூன்று முடிந்த அன்று சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிடுவார்கள்.

சென்ற ஆண்டு அந்த இருக்கை திருமாறனுக்குக் கிடைத்தது. ரஹீமாவுக்கு ஒரே ஒரு மதிப்பெண் குறைவு.

நேற்று திருமாறனிடமிருந்து காணொளி வந்தது. கன்னம் கறுத்து, மூச்சு வாங்க, சிரித்துக்கொண்டே பேசினான்.

"மிஸ், ஒரு காமெடி கேளுங்க. நிலா வந்ததும் உங்களுக்கு டாட்டா காட்டலாம்னு மாடிக்குப் போனேன். கிழக்க தென்னை மரத்துக்குப் பின்னாடி இருந்துச்சு. சாப்பிட்டுத் தூங்கிட்டு நடுராத்திரி வந்து பாத்தா தலைக்கு மேல நிக்குது! இங்க நீங்க எல்லாரும் நடக்கிறீங்க மிஸ்!"

நானும் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றது. அலமாரியைத் திறந்து ரஹீமாவின் விடைத்தாளைத் தேடி எடுத்தேன்.

ஏழாவது கேள்வி. பூமியில் ஓரிடத்தில் நின்று பார்ப்பவருக்கு நிலா வானத்தில் நகருமா? காரணம் தருக.

நான் தயாரித்த விடைக்குறிப்பில் "நகராது" என்றிருந்தது. நமக்குப் பூமி எப்படியோ, அவர்களுக்கு நிலா அப்படி. தேர்வுக் குழுவும் அதில் கையெழுத்திட்டிருந்தது. அவர்களும் இங்கே பிறந்தவர்கள்தான்.

"நகரும்" என்று தொடங்கியிருந்தாள் ரஹீமா. அந்த முதல் சொல்லிலேயே என் சிவப்புக் கோடு விழுந்திருந்தது.

திருத்திய தாளைக் காட்டிய அன்று அவள் ஒரு பந்தை எடுத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், பூமி ஒரு நாளைக்கு ஒரு சுத்து சுத்துதே. அது மேல நிக்கிறவங்களும் சேர்ந்து சுத்துவாங்க. அப்புறம் நாம எப்படி மிஸ் அவங்களுக்கு ஒரே இடத்துல இருப்போம்?"

பூமியின் சுழற்சியை அவளுக்கு நடத்தியவளே நான்தான். ஆனாலும் சன்னலைக் காட்டினேன்.

"வாயாடி. அங்க பாரு. நான் பொறந்ததுல இருந்து நகரல. உனக்காக நகரணுமா?"

வகுப்பே சிரித்தது. அவள் தொம் தொம்மென்று தன் இடத்துக்குத் திரும்பினாள்.

இனியாவது ரஹீமாவை அனுப்ப முடியுமா என்று கேட்க நேற்றே மருத்துவர் பெனடிக்டிடம் ஓடினேன். அவர் பழைய அளவுகளைத் திரையில் வரவழைத்துப் பார்த்தார்.

"சட்டையைக் கழட்டி நாலு மாசம் ஆச்சு. அவ எலும்பு இனிமே நம்ம எலும்பு, மிஸ். விட்டுடுங்க."

மாலையில் ரஹீமாவை ஆய்வகத்துக்கு அழைத்தேன். வாசலிலிருந்து ஒரே எட்டில் மேசையருகே வந்து இறங்கினாள். சட்டை இல்லாதவர்களின் நடை. காணொளியைக் காட்டினேன்.

"நீ எழுதினதுதான் சரி, ரஹீமா. தப்பு என்னோடது."

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கிழக்கதான் வந்துச்சாமா?"

"ஆமா."

"அதையும் எழுதியிருந்தேன் மிஸ். தினம் கொஞ்சம் லேட்டா வரும்னுகூட. நீங்க அதுவரைக்கும் படிக்கல."

என்னால் நிமிர முடியவில்லை. "உங்க அத்தாகிட்ட நானே வந்து சொல்றேன். குழுகிட்டயும் எழுதிக் கொடுக்கிறேன்."

"அத்தாகிட்ட வேணாம் மிஸ்." குரல் அப்போதுதான் உடைந்தது. "எனக்கு அவ்வளவுதான் படிப்பு வரும்னு நெனச்சு இப்பத்தான் கொஞ்சம் தூங்குறாரு. சரியா எழுதியும் போகலன்னு தெரிஞ்சா தாங்க மாட்டாரு."

திருமாறன் மாடியில் நிற்கும் இடத்தை மட்டும் மறுபடி ஒருமுறை போடச் சொன்னாள். பார்த்தாள். கதவை நோக்கி ஒரு எட்டு வைத்தாள். போய்விட்டாள். அவள் கால் பட்ட சத்தமே கேட்கவில்லை.

வகுப்பறைக்குப் போய்ப் பாதக்குறிகளின் மேல் நின்றேன். பிறகு ஈரத்துணியால் சிவப்பு வட்டத்தை அழுத்தித் துடைத்தேன். கடைசிக் கீற்றுவரை போய்விட்டது.

பூமி அங்கேயேதான் இருந்தது.