குடல்செவி கேட்ட வயிறு

“அருமை, தவசிமுத்து! குடல் நன்றாக விழித்துக்கொண்டது. நாளை வீட்டுக்குப் போகலாம்” என்று குடல்செவி பாராட்டியபோது, தவசிமுத்து கட்டிலில் மல்லாந்து படுத்து முனகிக்கொண்டிருந்தார். வராந்தாவைச் சுற்றிவிட்டு மூச்சு வாங்க உள்ளே வந்தவள் அவர் மனைவி ராசகனி. குடல்செவிப் பட்டை அவள் சேலைக்குள் இருந்தது.

பெருங்குடலில் கட்டியை அறுத்தெடுத்தவர்களின் வயிற்றில் கட்டிவிடும் பட்டைதான் குடல்செவி. குடல் உறுமுவதைக் கேட்கும், நடையை அளக்கும், விடாமல் விரட்டும். அறுவை முடிந்த அன்றே எழுந்து நட, சீக்கிரமே சாப்பிடு என்பது விரைமீட்பு நெறி. முன்பெல்லாம் மருத்துவமனைகள் கொஞ்ச காலம் அதை ஆசையாகக் கடைப்பிடிக்கும். பிறகு பழைய குருடி கதவைத் திறடி கதைதான். குடல்செவி வந்தபின் தூத்துக்குடியின் அந்த மருத்துவமனையில், நெறியை எவ்வளவு கடைப்பிடிக்கிறார்கள் என்று காட்டும் இணக்க மதிப்பெண் பல ஆண்டுகளாகக் குறையவே இல்லை. இடுப்பு யாருடையது என்று கேட்க மட்டும் அதற்கு யாரும் கற்றுத்தரவில்லை.

முதல் நாள் எழுந்து நின்றதும் தவசிமுத்து வலியில் அலறிவிட்டார். ராசகனிக்குப் பொறுக்கவில்லை. “வயித்த அறுத்துத் தச்சிருக்கு, இதுல நடக்கணுமாம்லா! தையல் பிரிஞ்சா இந்தப் பட்டையா வந்து தைக்கும்?” என்று அதைக் கழற்றித் தன் இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவர் இட்லியையும் அவளே தின்றாள்.

இப்போது அவர் வயிறு மத்தளமாக உப்பியிருந்தது. தண்ணீர்கூட இறங்கவில்லை. பயந்துபோய் டாக்டர் செலஸ்டினாவிடம் ஓடினாள்.

டாக்டர் திரையைப் பார்த்தார். “எல்லாம் நல்லாத்தானம்மா இருக்கு. வயிறு அருமையா வேலை செய்யுது.”

“அது என் வயிறு, டாக்டரம்மா!”

டாக்டர் ஓடிவந்து தவசிமுத்துவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், படம் எடுத்தும் பார்த்தார். “உள்ள தையல் பத்திரமா இருக்கு, அண்ணாச்சி. நீங்க படுத்தே கிடந்ததுல குடலும் தூங்கிட்டு. இன்னும் இப்படியே கிடந்தா ஆபத்து. எந்திரிச்சு நடங்க.”

“என்னால முடியாது” என்றார் அவர் கண்ணை மூடிக்கொண்டு.

டாக்டருக்கு வேறொன்று உறைத்தது. ஆண் நோயாளிகளுக்கு எப்போதும் முழு மதிப்பெண். ஆனால் வயிறு உப்பித் திரும்பி வருவது அவர்கள்தான். பெண்களுக்கு மதிப்பெண் குறைவு, ஆனால் தேறிவிடுவார்கள். ஆண் குடலின் விசித்திரம் என்று கட்டுரைகூட எழுதியிருந்தார்கள்.

“இங்க வேற யாரும் இப்படிச் செய்றாங்களாம்மா?”

“வராந்தால நடக்கிற ஆம்பள யாரையாவது பாத்திருக்கீகளா, டாக்டரம்மா?”

டாக்டர் எட்டிப் பார்த்தார். சேலைக்குள் பட்டை புடைக்க மூன்று பெண்கள் விறுவிறுவென்று நடந்துகொண்டிருந்தார்கள். நோயாளி உடையில் ஒருத்தி சுவரைப் பிடித்துத் தனியாக ஊர்ந்துகொண்டிருந்தாள். அவள் கணவன் பெஞ்சில் உறங்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி, உங்க வீட்டம்மாவுக்கு ஆபரேஷன்னா நீங்க பட்டையக் கட்டிட்டு நடப்பீகளா?”

“அவளுக்கு எதுக்கு? அவளே எந்திரிச்சு நடந்துருவாளே!” என்றார் தவசிமுத்து பெருமையாக.

அவர் பார்வை ராசகனியின் வீங்கிய பாதங்களில் போய் நின்றது. மெல்லக் காலைத் தரையில் வைத்தார்.

“ஏளா, அதக் கழத்திக் குடு. நீ கொஞ்சம் உக்காரு.”

அவள் எங்கே உட்கார்ந்தாள்? தோள் கொடுத்துக் கூடவே நடந்தாள். இரண்டு எட்டுக்கு ஒருமுறை நின்றார்கள். “நேற்றைவிட மிகவும் பின்தங்கிவிட்டீர்கள், தவசிமுத்து” என்று குடல்செவி வருந்தியது. மறுநாள் மாலை அவர் வயிறு முதன்முறையாக உறுமியது. ராசகனி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மற்றப் பட்டைகளும் அவரவர் இடுப்புக்கே திரும்பின. அந்த மாதம் மருத்துவமனையின் இணக்க மதிப்பெண் பாதியாகச் சரிந்தது. மேலிடம் காரணம் கேட்டது. “நோயாளிகள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்” என்று பதில் எழுதினார் டாக்டர் செலஸ்டினா.