காணாமல் போன விரிசல்

1974, ஜூலை மாதம். வெள்ளிக்கிழமை காலை 9.10.

தாம்பரத்தில் ஒரு கல்லூரியின் புவியியல் அறையில் அன்று காணாமல் போனது நகையல்ல, பணமல்ல. வடதுருவக் கடலில் உறைந்த பனியை நூறு மைல் நீளத்துக்குப் பிளந்து ஓடிய ஒரு விரிசல்.

விரிவுரையாளர் தபீதாள் மேசைமீது ஐந்து படங்களைப் பரப்பியிருந்தாள். ஒரே கடல், அடுத்தடுத்து ஐந்து நாள், தொள்ளாயிரம் மைல் உயரத்திலிருந்து செயற்கைக்கோள் எடுத்தவை. பக்கத்தில், அவற்றைப் பார்த்து அவள் வரைந்த வரைபடம். வரைபடத்தில் விரிசல் இருந்தது. படம் ஒன்றிலும் இல்லை.

“மூணாம் நாள் படத்துல இருந்துச்சுக்கா. அன்னிக்கு மட்டும்தான் அந்தப் பக்கம் மேகம் விலகிச்சு. நார்வேக்கு ஆராய்ச்சிக்கு அனுப்ப ஆள் எடுக்க, பதினோரு மணிக்கு டில்லி ஆபீசர் வர்றார். ஆதாரம் கேட்டா? நார்வே போறது இருக்கட்டும், இனிமே என் வரைபடத்தை யார் நம்புவாங்க?”

அவள் அக்கா என்றது தலைமைத் தட்டச்சர் ரத்தினபாயை. கல்லூரியில் எந்தக் கோப்பு தொலைந்தாலும் இவளைத்தான் கூப்பிடுவார்கள். நீங்களும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பாருங்கள், கண்ணுகளா. அவள் கண்ட எதையும் நான் ஒளிக்கவில்லை.

“வெள்ளையா இருக்கறது அத்தனையும் ஐஸா?”

“மேகமும் வெள்ளைதான். ஒரு படத்தை வச்சுப் பிரிக்க முடியாது. அஞ்சு நாளையும் வரிசையா வச்சா, இருந்த இடத்துல இருக்கறது ஐஸ். இடம் மாறினா மேகம்.”

“காலே வைக்காம ஒரு கடலைப் படிச்சுட்டீங்களே,” என்றாள் ரத்தினபாய். குனிந்து பார்த்தாள். இரண்டாவது படத்தில் கரையோரமாக, கழுத்தை நீட்டிய வாத்துபோல ஒரு வெண்மை. மூன்றாவதிலும் அதே வாத்து. நான்காவதில் இல்லை.

“யார் கைக்கெல்லாம் போச்சு?”

“பல்லாவரத்துல சாலமோன் ஸ்டூடியோ. அட்டையில ஒட்டக் குடுத்தேன். நேத்து அட்டெண்டர் தயாளன் வாங்கிட்டு வந்தார். காலைல வேதா பார்த்தா.”

9.25. வேதா அதே துறையில் விரிவுரையாளர்.

“நானும் அதே நார்வே இடத்துக்கு மனு போட்டிருக்கேன். சந்தேகம்னா நேரா கேளுங்க.”

“எடுத்தீங்களா?” என்றாள் ரத்தினபாய்.

“இல்ல.”

“சரி.”

தயாளன்: “பையைப் பிரிக்கவே இல்லம்மா. ரயில்ல மடியிலயே வச்சிருந்தேன்.”

“இன்னொரு தடவை ரயில் ஏறு. சாலமோனைக் கூட்டிட்டு வா. விஷயத்தையும் சொல்லு.”

10.40. சாலமோன் கக்கத்தில் ஒரு பையோடு வந்தார்.

“இன்னா மேடம், அஞ்சு அட்டையும் எண்ணித்தானே குட்த்தேன்?”

“அட்டை அஞ்சு. படம் நாலுதான்,” என்றாள் ரத்தினபாய். “இந்த வாத்து ஐஸா இருந்தா நாலாம் நாளும் இங்கயே நிக்கணும். நிக்கல. அப்ப மேகம். மேகம் ஒரு நாள் முழுக்கக் கழுத்தைக்கூட அசைக்காம இருக்குமா? ஒரே வரியை ரெண்டு தடவை டைப் அடிச்சா என் கண்ணை உறுத்தும். மூணாவது படம், ரெண்டாவதோட நகல். தயாளனுக்கு நகல் எடுக்க இருட்டறை இல்ல. வேதாவுக்கு மேகம் தெரியும், இந்தத் தப்பு செய்ய மாட்டாங்க. இருட்டறையும் வச்சுகிட்டு, வெள்ளையெல்லாம் ஒண்ணுதான்னு நினைச்சவர் நீங்க.”

சாலமோன் பையிலிருந்து செய்தித்தாளில் சுற்றிய ஒரு படத்தை எடுத்தார்.

“படம் கழுவுற மருந்து புட்டி கவுந்துட்ச்சு மேடம். தொடச்சிட்டுப் பார்த்தா, இதுல நீளமா ஒரு கருப்புக் கோடு கீது. நாந்தான் கெடுத்துட்டேன்னு பேஜாராயிட்ச்சு. பஞ்சு போட்டுத் தேச்சேன், போவல. ஃபாரின் படம், எங்கேந்து வாங்கித் தருவேன்? அதான் மறைச்சுட்டேன்.”

தபீதாள் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள்.

“அது மருந்து இல்லண்ணா. கடல். ஐஸ் பிளந்து தெரியற தண்ணி.”

“எம்மா நீளம்?”

“நூறு மைல். இங்கேருந்து விழுப்புரத்தையும் தாண்டிப் போகும்.”

10.58. வாசலில் கார் வந்து நின்றது. தபீதாள் மூன்றாம் நாளை அதன் இடத்தில் வைத்தாள். அவள் வரைந்த கோடும் கடல் கீறிய கோடும் வளைவுக்கு வளைவு ஒத்திருந்தன. சாலமோன் குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

“அதான் தேச்சா போவலயா,” என்றார்.